பங்காளி வீட்டில் நிரந்தர ஜெனரேட்டர்: எந்தக் காகிதம் முதலில்?

கல்யாணத்துக்கோ அறுபது, எண்பது வயதுச் சாந்திக்கோ வாடகைக்கு எடுக்கும் வண்டி ஜெனரேட்டர் இரண்டு நாளில் போய்விடும். பின்கட்டில் கான்கிரீட் மேடை போட்டு, வீட்டு மெயின் போர்டோடு சேர்த்து வயரிங் செய்யும் ஜெனரேட்டர் அப்படியல்ல. அரசின் கணக்கில் அது ஒரு மின் உற்பத்தி நிறுவல். அதற்கு உரிமையாளர் வேண்டும், வரைபடம் வேண்டும், அளவைப் பொறுத்து ஆய்வும் வேண்டும்.

செட்டிநாட்டில் பெரும்பாலும் மெஷின் முதலில் வந்து இறங்குகிறது, எர்த் குழி பிறகு தோண்டப்படுகிறது, யாராவது புகார் கொடுத்தபின்தான் அனுமதி நினைவுக்கு வருகிறது. அதற்குள் புகைக்குழாய் பக்கத்து வீட்டு ஜன்னல் உயரத்தில் நிற்கும், மேடை சுவரை ஒட்டி இருக்கும், இரண்டையும் இடித்துக் கட்ட வேண்டிவரும். முன்பணம் கொடுக்கும் முன்பே காகித வேலையைத் தொடங்குவதுதான் செலவு குறைந்த வழி.

வீடு யார் பேரில், சர்வீஸ் யார் பேரில்

இந்தப் பகுதியில் முதல் முட்டுக்கட்டை பொறியியலில் வராது, பட்டாவிலும் மின் கட்டண அட்டையிலும் வரும். மின் இணைப்பு ஐயா (தாத்தா) பேரில் இருக்கும். அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகியிருக்கும். வீடோ ஆறேழு பங்காளிகளுக்குப் பொது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவரும் மின் இணைப்பின் உரிமையாளரும் வேறு வேறு ஆளாக இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும்.

ஆகவே பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது அல்லது பத்திரம், மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் ஆகியவை தேவைப்படும். எல்லோரின் சம்மதமும் சேராதபோது இழப்பீட்டு உறுதிப் பத்திரம் கேட்பார்கள். பங்காளிகளில் ஒருவர் மலேசியாவிலும் இன்னொருவர் சென்னையிலும் இருந்தால் இதற்கே இரண்டு மாதம் ஒதுக்குங்கள். சம்மதக் கடிதத்தில் 'ஜெனரேட்டர் வைக்க ஆட்சேபம் இல்லை' என்று மட்டும் எழுதாமல், எந்தக் கட்டில், எந்தச் சுவரோரம், எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு), டீசல் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குவது நல்லது. முன்னோர் படைப்புக்கு எல்லோரும் கூடும் நாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் தபால் செலவு மிச்சம்.

வீட்டில் தங்கும் விடுதி நடத்துகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின் இணைப்பு இன்னும் வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறதா, வணிகக் கட்டணத்துக்கு மாறிவிட்டதா? வீட்டு இணைப்பில் விடுதி நடந்தால் மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் அது அனுமதியில்லாத பயன்பாடு. அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். ஜெனரேட்டர் விண்ணப்பத்துக்காக வரும் அதிகாரியின் கண்ணில் இதுதான் முதலில் படும்.

எத்தனை கேவிஏ

எந்த அளவுக்கு மேல் மின் ஆய்வாளரின் ஆய்வு கட்டாயம் என்பதை மாநில அரசின் அறிவிக்கை நிர்ணயிக்கிறது. அது அவ்வப்போது திருத்தப்படும். புகைக்குழாயின் உயரம், விண்ணப்பக் கட்டணம் போன்றவையும் கேவிஏ எண்ணைத்தான் சார்ந்தவை. அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்குவது காகிதத்தையும் பெரிதாக்கும்.

ஒரு நடுத்தரக் கணக்கு: 1.5 டன் ஏசி நான்கு, சுமார் 6.4 கிலோவாட். விளக்கு, மின்விசிறி, இரண்டு பிரிட்ஜ் சேர்த்து 2 கிலோவாட். கிரைண்டர் முதலான அடுப்படிச் சாமான்கள் 1.5. போர்வெல் மோட்டார் 5 குதிரைத்திறன், அதாவது 3.7 கிலோவாட். மொத்தம் 13.6 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்து வகுத்தால் 17 கேவிஏ.

சிக்கல் மோட்டாரில் இருக்கிறது. நேரடி ஸ்டார்ட்டரில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். 45 ஆம்பியர் என்று கொண்டால் 32 கேவிஏ. 20 கேவிஏ செட்டில் அந்த நொடி விளக்கு மங்கும், ஏசியின் கான்டாக்டர் விழும், சில நேரம் எஞ்சினே திணறி நின்றுபோகும். இதற்காக 40 கேவிஏ வாங்க வேண்டியதில்லை. மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டு, ஜெனரேட்டரில் ஓடும்போது மோட்டாரை முதலில் கிளப்பி ஏசிகளைப் பிறகு போடும்படி டைமர் வைத்தால் 25 கேவிஏ தாங்கும்.

25 கேவிஏ மூன்று ஃபேஸ் செட்டில் ஒரு ஃபேஸுக்கு ஏறக்குறைய 35 ஆம்பியர்தான். பழைய வயரிங்கில் மாடி ஏசி எல்லாம் ஒரே ஃபேஸில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் விட்டால் மொத்த லோடு குறைவாக இருந்தும் செட் டிரிப் ஆகும்.

அதிகமாக வாங்குவதிலும் கேடு உண்டு. திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எரிபொருளும் கரியும் சைலன்சரில் படிந்து கறுப்பு எண்ணெயாக ஒழுகும். ஆண்டில் பத்து நாள் மட்டும் நிறைந்திருக்கும் வீட்டுக்கு 62.5 கேவிஏ வாங்கினால் மீதி நாளெல்லாம் இதுதான் நடக்கும்.

எந்த அலுவலகத்தில் எதற்கு

செட்டிநாடு ஒரே மாவட்டம் இல்லை என்பதை வெளியூர் ஒப்பந்ததாரர்கள் மறந்துவிடுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். கோப்பு எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை வீட்டு வரி ரசீதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மின் ஆய்வுத் துறைதான் பிரதானம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-ல் வந்தன. 2023-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. ஒப்பந்ததாரர் இன்னும் 2010-ன் பிரிவு எண்களைப் போட்டு விண்ணப்பம் எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் கேவிஏ ஆய்வு வரம்புக்குள் வருகிறதா என்பதை மாவட்ட மின் ஆய்வாளர் அலுவலகத்தில் முதலிலேயே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். வந்தால், முதலில் வரைபடத்துக்கு ஒப்புதல், பிறகு நிறுவுதல், பிறகு ஆய்வு, கடைசியில் பாதுகாப்புச் சான்று. அந்தச் சான்று வரும்வரை வீட்டுக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டக் கூடாது.

மின்வாரியத்துக்கு, இப்போதைய பெயரில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கு, பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் வழியாக எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். கடிதத்தில் இணைப்பு எண், ஜெனரேட்டரின் அளவு, எந்த வகை சேஞ்ச்ஓவர் (வாரிய மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்ச்), வாரியத்தின் மின்சாரத்தோடு ஒருபோதும் இணைந்து ஓடாது என்ற உறுதி ஆகிய நான்கும் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

உள்ளாட்சியில் இரண்டு கேள்வி. கூரை போட்டு அறை கட்டினால் அது கட்டடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி அனுமதி பெற வேண்டும். அறை இல்லாமல் கேனோபியோடு (சத்தம் அடக்கும் தகட்டுக் கூடு) வெளியில் வைத்தால் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. இரண்டாவது கேள்வி, இயந்திரம் நிறுவும் அனுமதி. விடுதி, மண்டபம், ஆலை என்றால் மாநகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ இதைக் கேட்கும்.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் குடியிருக்கும் வீட்டைத் தேடி வருவதில்லை, சத்தப் புகார் போனால் ஒழிய. விடுதி, திருமண மண்டபம், மருத்துவமனை என்றால் வாரியத்தின் இசைவாணை விண்ணப்பத்தில் ஜெனரேட்டரின் அளவையும் புகைக்குழாய் உயரத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஏற்கெனவே இசைவாணை இருந்து, பிறகு ஜெனரேட்டர் வைத்தால் அதைத் திருத்தி வாங்க வேண்டும்.

திருமயம் கோட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு முன் அனுமதி. ஜெனரேட்டர் அறையும் கட்டுமானம்தான்.

பில் போடும் முன் தகட்டைப் படியுங்கள்

இப்போது புதிதாக வாங்கும் டீசல் ஜெனரேட்டர், 800 கிலோவாட் வரை, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்கு பிளஸ் புகைத் தரத்தில் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய தரச் செட்டை 'புதுசு மாதிரி' என்று மலிவாகத் தள்ளுவோர் உண்டு. தயாரிப்புத் தேதியும் தரமும் எஞ்சின் தகட்டிலும் கேனோபி தகட்டிலும் பொறித்திருக்கும். விற்பவரிடம் வகை ஒப்புதல் சான்று, உற்பத்தி இணக்கச் சான்று இரண்டின் நகலையும் கேளுங்கள். அவற்றில் உள்ள மாடல் பெயர் தகட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

எஞ்சின் திறன் 56 கிலோவாட்டுக்கு மேல் போனால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு சட்டென்று இறுகுகிறது. அதனால் அந்த அளவுச் செட்டுகளில் யூரியா கரைசல் ஊற்றும் அமைப்பு வரும். கரைசல் தீர்ந்தால் எச்சரிக்கை அடித்து, பிறகு எஞ்சின் தானாகவே திறனைக் குறைக்கும். ஊரில் கரைசல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இடம், புகை, சத்தம்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்போடு தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசலோடு முடியும். பின்கட்டின் திறந்த வெளிதான் ஜெனரேட்டருக்கு ஏற்ற இடம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வைக்கவே கூடாது: நாலு பக்கச் சுவரும் சத்தத்தை எதிரொலிக்கும், புகை அறைகளுக்குள் இறங்கும். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

கேனோபியைச் சுற்றி ஒன்றரை மீட்டராவது விடுங்கள். இல்லையென்றால் கதவைத் திறந்து ஃபில்டர் மாற்ற முடியாது. போர்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி விதியிலேயே இருக்கிறது. மேடை தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரமாக, செட்டின் அளவைவிட நாலு பக்கமும் 15 சென்டிமீட்டர் அகலமாக இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பின்கட்டில் தண்ணீர் நிற்கும் வீடுகளில் இன்னும் உயர்த்துங்கள். மேடையை வீட்டின் பழைய சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். நடுவில் இடைவெளி விடாவிட்டால் அதிர்வு சுவருக்கு ஏறிப் பூச்சில் விரிசல் விழும்.

புகைக்குழாய் உயரத்துக்கு ஒரு சூத்திரம்: கட்டடத்தின் உயரத்தோடு, கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்ட வேண்டும். 25 கேவிஏ என்றால் கூடுதலாக 1 மீட்டர்; 62.5 கேவிஏ என்றால் சுமார் 1.6 மீட்டர். மாடியோடு 8 மீட்டர் உயரமுள்ள வீட்டில் 25 கேவிஏ செட்டின் குழாய் 9 மீட்டர் இருக்க வேண்டும். கேனோபியின் மேல் வந்த குட்டைக் குழாயோடு விட்டுவிடுவதுதான் ஆய்வில் அதிகம் பிடிபடும் குறை.

குழாய் நீளும்போது எஞ்சினுக்கு எதிர் அழுத்தம் கூடும். ஒவ்வொரு வளைவும் அதைக் கூட்டும். வளைவைக் குறைத்து, விட்டத்தை ஒரு அளவு பெரிதாக்கி, தயாரிப்பாளர் சொல்லும் வரம்புக்குள் இருக்கிறதா என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். குழாயின் எடையைச் சுவர் தாங்க வேண்டும், எஞ்சின் தாங்கக் கூடாது. நடுவில் நெளியும் பெல்லோஸ் கட்டாயம். பர்மாத் தேக்கு உத்தரத்துக்கோ தாழ்வாரக் கைமரத்துக்கோ பக்கத்தில் போகும் இடமெல்லாம் சூடு தடுக்கும் ராக்வூல் சுற்றித் தகடு மூடுங்கள். முழு லோடில் புகை பல நூறு டிகிரி சூட்டில் வரும். காய்ந்த பழைய மரத்துக்கு அது போதும்.

கேனோபியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபல் என்பது ஜெனரேட்டர் தயாரிப்பாளருக்கு விதித்த வரம்பு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும்: 4 மீட்டரில் 63, 8 மீட்டரில் 57, 16 மீட்டரில் 51. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அளவுக்கு மேல் 10 டெசிபல் போனால் பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கலாம். இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் உள்ள சந்தில் சத்தம் இந்தக் கணக்குப்படி குறையாது, குழாய்க்குள் போவதுபோல் அப்படியே போகும். சந்தைத் தவிருங்கள்.

டீசல்

டீசல் 'பி' வகைப் பெட்ரோலியம். 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமல், எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். சந்தையில் 990 லிட்டர் டேங்க் விற்பதற்கு இதுதான் காரணம். வீட்டுக்குச் செட்டின் அடியில் வரும் டேங்கே போதும்.

தனி டேங்க் வைத்தால் அதன் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் அதிகம் பிடிக்கும் தொட்டிச் சுவர் கட்டுங்கள். பின்கட்டில்தான் கிணறும் இருக்கும். டீசல் கிணற்றில் இறங்கினால் வருஷக்கணக்கில் வாடை போகாது.

சேஞ்ச்ஓவர்: சமரசம் செய்யக் கூடாத இடம்

அனுமதி முறை முழுதுமே பெரும்பாலும் இதற்காகத்தான். மின்வெட்டின்போது வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம் வாரியக் கம்பிக்குள் போனால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏற்றும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார்.

ஆகவே நான்கு துருவ சேஞ்ச்ஓவர் போடுங்கள். மூன்று ஃபேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். மூன்று துருவம் போட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டால் இரண்டு மின்மூலத்தின் நியூட்ரலும் இணைந்தே கிடக்கும். வாரியத்தின் பக்கம் நியூட்ரல் அறுந்தால் வீட்டின் எர்த் வழியே அந்த மின்னோட்டம் திரும்பும். தானியங்கிப் பலகை என்றால் இரண்டு பக்கமும் ஒருசேர இணையாமல் தடுக்கும் எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் மட்டும் போதாது, மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் இருக்க வேண்டும். ஆய்வாளர் கையாலேயே இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் போட முயன்று பார்ப்பார். அதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்.

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அந்த வயரை வெட்டிப் போடுங்கள்.

கூரையில் சோலார் இருந்தால் ஒப்பந்ததாரரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைப் பார்த்து வாரிய மின்சாரம் என்று இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கி, லோடு குறைவாக இருக்கும்போது ஜெனரேட்டருக்குள்ளேயே மின்சாரத்தைத் தள்ளும். ஜெனரேட்டர் பக்கத்துக்கு மாறியதும் சோலார் துண்டிக்கப்படும்படி கான்டாக்டர் வைக்க வேண்டும்.

செம்புறாங்கல் மண்ணில் எர்த்

ஜெனரேட்டரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த், நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த். நான்கு குழிக்கு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ் 3043 தரநிலையை ஒட்டி வரைபடம் இருக்கட்டும். 3 மீட்டர் குழாய் இறக்கினால் குழிக்குக் குழி 6 மீட்டர் தூரம் வேண்டும். நெருக்கி வைத்தால் நான்கு குழியும் சேர்ந்து ஒரே குழி போலத்தான் வேலை செய்யும்.

மண்தடை 100 ஓம்-மீட்டர் உள்ள நிலத்தில்கூட 3 மீட்டர் குழாய் ஒன்றுக்குச் சூத்திரப்படி சுமார் 30 ஓம் வருகிறது. காரைக்குடிப் பக்கத்துச் செம்புறாங்கல் பூமி சித்திரை வைகாசியில் காய்ந்து கிடக்கும்போது இன்னும் கூடும். அப்படியிருக்க அளவெடுக்காமலே 'ஒரு ஓமுக்குக் கீழ்' என்று சான்றில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. நம்பாதீர்கள். எர்த் மெகர் (தடை அளக்கும் கருவி) வைத்து உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள், அதுவும் மழைக்குப் பிறகு வேண்டாம், கோடையில். அளவு கூடினால் ஆழமாகத் துளையிட்டு நீண்ட மின்முனை இறக்குவதும், பென்டோனைட் களிமண் கலவை நிரப்புவதும், குழிகளை இணைத்து எண்ணிக்கை கூட்டுவதும்தான் வழி. உப்பும் கரியும் போட்ட குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும்; பூட்டிய வீட்டில் அது நடக்காது, உப்பு குழாயையும் அரித்துவிடும்.

ஆய்வு நாள்

கோப்பில் இவை இருக்கட்டும்:

- ஒற்றைக்கோட்டு மின் வரைபடம், இட அமைப்பு, எர்த் அமைப்பு வரைபடங்கள்
- எஞ்சின், ஆல்டர்னேட்டர் இரண்டின் தொழிற்சாலைச் சோதனைச் சான்றுகள், பில் நகல்
- வகை ஒப்புதல், உற்பத்தி இணக்கச் சான்றுகள்
- உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பணிநிறைவு அறிக்கை. உரிமம் அன்றைய தேதியில் நடப்பில் இருக்க வேண்டும்
- 500 வோல்ட் மெகரில் எடுத்த இன்சுலேஷன் அளவு, குறைந்தது 1 மெகாஓம்
- ஒவ்வொரு எர்த் குழியின் தனி அளவு, அளந்த தேதியோடு

இடத்தில், மண்டையோட்டுப் படம் போட்ட அபாயப் பலகை தமிழில், போர்டுக்கு முன் ரப்பர் விரிப்பு, மின்னதிர்ச்சி முதலுதவி அட்டவணை, மணல் வாளி, மின் தீக்கு ஏற்ற அணைப்பான். எர்த் குழிக்கு எண்ணும் அளவும் எழுதுங்கள். இந்தச் சின்ன விஷயங்களில் ஒன்று விட்டாலும் ஆய்வாளர் மறுபடி வர வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஆள் இல்லாத வீட்டில் தானியங்கி முறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மின்சாரம் போனதும் பூட்டிய வீட்டில் தானே கிளம்பி டீசல் தீரும்வரை ஓடும். மேனுவலில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை காவல்காரர் வந்து இணைத்து அரை மணி நேரம், மோட்டாரையும் ஒன்றிரண்டு ஏசியையும் போட்டு ஓட்டட்டும். தேதி, ஓடிய மணி, மீட்டர் யூனிட், டீசல் அளவு நான்கையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சொந்த உற்பத்தி மின்சாரத்துக்கும் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு மின் வரிச் சட்டம் இருக்கிறது. விடுதி, மண்டபம் நடத்துபவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்கும்போது பதிவேடுதான் பதில் சொல்லும். செட்டை வேறு கட்டுக்கு நகர்த்தினாலோ பெரிதாக மாற்றினாலோ பழைய சான்று செல்லாது, வரைபடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.